உங்க வீட்டில் அட்டை, எங்க வீட்டில் தட்டு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரியவரும், அம்மாவின் ஒரே தம்பியும், அட்டைகளை அமுக்கி வைத்திருப்பவருமான மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் அடக்கத்தோடு (வழக்கமாக என்னிடம் இல்லாத சரக்கு, இந்தக் கடிதத்துக்காக இரவல் வாங்கியது) எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவுடைய மேனேஜரின் இடுப்பைத் தவிர. அங்கே அத்தையும் நீங்களும் உங்கள் வரவேற்பறைச் சுவரும் சௌக்கியமா? சுவரை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப் போகப் புரியும். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்கிறீர்களா? நீங்களும் அம்மாவும் போனில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். "பிரஷர் மாத்திரை போடுறியா?" "போடுறேன். நீ?" "போடுறேன்." அவ்வளவுதான். இரண்டு மருந்துக் கடைகள் குசலம் விசாரித்துக்கொள்வது போல இருக்கும். மெசேஜ் அனுப்பினாலோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பாருங்கள்.

விஷயம் இதுதான். விடுமுறையில் என் ஹெட்போன் வாஷிங் மெஷினுக்குள் குளிக்கப் போய் உயிரை விட்டது. பொழுது போகாமல் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியைக் குடைந்தேன். உள்ளே ஒரு ரெக்கார்ட் பிளேயர், அதைச் சுற்றி இசைத்தட்டுகள், அலமாரி நிறைய. ஒன்றுக்குக்கூட அட்டை இல்லை. வெள்ளைக் காகித உறையோடு, குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிறவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. "அட்டையெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உன் மாமா வீட்டுச் சுவரில்" என்றாள். "ஏன்?" "ரெண்டு பேர் சேர்ந்து வாங்கினது. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கலை." மாமா, நீங்கள் இருவரும் படித்தவர்கள். பங்கு பிரிப்பது என்றால் இது உனக்கு, அது எனக்கு என்றுதானே பிரிப்பார்கள்? நீங்கள் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, தட்டெல்லாம் அக்காவுக்கு, அட்டையெல்லாம் தம்பிக்கு என்று பிரித்திருக்கிறீர்கள்! உடம்பு ஒரு வீட்டில், சட்டை ஒரு வீட்டில்! "ஒரு வாரத்துல அவன் வந்து கெஞ்சுவான்னு நான் நினைச்சேன். நான் வந்து கெஞ்சுவேன்னு அவன் நினைச்சான்" என்றாள் அம்மா. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நடுவில் நான் பிறந்து, நடந்து, பல் விழுந்து, முளைத்து, பத்தாம் வகுப்பையும் தாண்டிவிட்டேன்.

அப்புறம் அம்மா பேச ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்லை. சனிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் ரெக்கார்ட் கடைக்குப் போவீங்களாம். தூசி தட்டித் தட்டி ஓயாம தும்முற கடைக்காரருக்கு 'ஹச்சண்ணன்'னு பேர் வெச்சதே நீங்கதானாம். கேட்டுப் பார்க்கணும்னா ஒரே ஒரு பாட்டு போடுவாராம், அதையும் பாதியில ஊசியைத் தூக்கி, "மிச்சம் வீட்ல"ம்பாராம். அதனால அட்டையைப் பார்த்துத்தான் முடிவு. கப்பல் படம் போட்டிருக்கே, கடல் பாட்டா இருக்கும்னு வாங்கிட்டு வந்தா, உள்ளே ஒரு மனுஷன் ஒரு பக்கம் முழுக்கப் பறவை மாதிரி கத்திட்டு இருந்தாராம். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மாசத்துக்கு ஒரு தட்டுக்குத்தான் காசு தேறும்கிறதால வேற தட்டும் கிடையாது. கேட்டுக் கேட்டு மாசக் கடைசியில அந்தக் கத்தல் உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சே போச்சாமே! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நாங்கல்லாம் ஒரு பாட்டு எடுத்த எடுப்புல பிடிக்கலைன்னா தள்ளி விட்டுடுவோம். பிடிச்சாலும், அடுத்தது இதைவிட நல்லா இருக்குமோன்னு தள்ளி விட்டுடுவோம். ஒரு தட்டைப் பிடிக்க வெச்சுக்கிறதுக்கு உட்கார்ந்து பாடுபட்டவங்களை இப்பதான் முதல்தடவையா பார்க்கிறேன்.

ஆனா தட்டெல்லாம் வெத்து உடம்போட நிக்கிறது எனக்கே கூச்சமா இருந்துச்சு. காலண்டர் அட்டை, செருப்புப் பெட்டி எல்லாத்தையும் வெட்டி நானே சட்டை தைச்சேன். பேரும் நானே வெச்சேன்: 'நிலவும் நீயும் நடுவில் கொசுவும்', 'குழலோடு ஒரு கொட்டாவி', 'மாலை நேர மௌனம்'. எந்தச் சட்டைக்குள்ள எந்த உடம்பு போச்சுன்னு பார்க்கலை. வேணும்னுதான் பார்க்கலை. அந்த ஞாயித்துக்கிழமை பார்த்து அப்பா தன் மேனேஜரை டீ குடிக்கக் கூட்டிட்டு வந்தார். மேனேஜர் பெரிய ரசிகராம். அப்பாவுக்குச் சங்கீதத்துல தெரிஞ்சது காலிங் பெல் மட்டும்தான், இருந்தாலும் கௌரவத்தை விடுவாரா? கண்ணாடிகூடப் போடாம 'மாலை நேர மௌன'த்தை உருவி, "சார், இது என் ஃபேவரிட்"னு சுழல விட்டார். மேனேஜர் கண்ணை மூடி, ஆட்டுறதுக்குத் தலையைத் தயாரா வெச்சிருந்தார். கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் தட்டுலேர்ந்து ஒரு பெண் குரல், இடி மாதிரி: "எழுந்து நில்லுங்கள்!" மேனேஜர் எழுந்துட்டார். மேனேஜர் நிக்கிறப்ப உட்கார முடியுமா, அப்பாவும் எழுந்துட்டார். "கைகளை மேலே தூக்குங்கள்! இடுப்பை வளையுங்கள்! முழங்காலை மடக்காதீர்கள்!" அட்டையில பூக்கூடையோட ஒரு பொண்ணு நிக்கிறாளேன்னு ஏமாந்து வாங்கினீங்களே, அந்த உடற்பயிற்சித் தட்டு! "சார், நிறுத்திடட்டுமா?"ன்னு அப்பா குனிஞ்ச வாக்குலயே கேட்டார். "இருங்க, அவங்க எண்ணி முடிக்கட்டும்"னார் மேனேஜர், டையைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு. அடுத்த வளைவுல 'மளுக்'குனு ஒரு சத்தம். தட்டுதான் உடைஞ்சு போச்சோன்னு நான் பதறிட்டேன். நல்லவேளை, மேனேஜர்தான். (மறுநாள் படுத்தபடியே போன் பண்ணி, மறுபக்கத்துல என்ன பயிற்சின்னு விசாரிச்சாராம். ரசிகர்தான், சந்தேகமே இல்லை.)

இதுக்கெல்லாம் அம்மா திட்டுவாள்னு நான் கதவுப் பக்கமாவே நின்னேன். அவ என்னடான்னா கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறா. தட்டு அவளுக்கு மனப்பாடம் மாமா! அந்தக் குரலுக்கு முன்னாடியே "வலது கால், இடது கால்"னு சொல்லிட்டே வந்தா. பக்கம் முடிஞ்சு ஊசி தூக்கினதும், தன்பாட்டுக்குப் பக்கத்துல திரும்பி, "ம், படிடா"ன்னா. பக்கத்துல யாரும் இல்லை. அப்பதான் எனக்குச் சொன்னா. ஊசி வைக்கிறது அவ வேலை. அட்டையை மடியில வெச்சுக்கிட்டு, பாடினவர், வாசிச்சவர், அச்சடிச்ச இடத்து விலாசம் வரைக்கும் செய்தி வாசிக்கிற மாதிரி படிக்கிறது உங்க வேலை. நீங்க படிச்சு முடிக்காம அவ தட்டைத் திருப்ப மாட்டாளாம். பிரிக்கிறப்பகூட அவங்கவங்க வேலைப்படிதான் பிரிச்சீங்களாம். அன்னிக்கும் அவ திருப்பலை. பிளேயர் மூடியை மூடிட்டு உள்ளே போயிட்டா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது. இந்த இடத்துல போடுறதுக்கு ஒரு ஜோக் தேடினேன் மாமா, கிடைக்கலை.

இப்ப தலை போற விஷயத்துக்கு வரேன். மேனேஜருக்குக் கோபம் இல்லை, அப்பாவுக்குத்தான். பழைய பொருள் வாங்குறவரை வரவழைச்சுட்டார். அவர் தட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "அட்டை இல்லாத தட்டை யார் சார் சீந்துவா? சூடு காட்டி வளைச்சா பழக்கிண்ணம் ஆகும், அதுக்கு வேணா எடுத்துக்கிறேன்"னுட்டார். வர்ற சனிக்கிழமை வண்டியோட வர்றார். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. நீங்க பாடுபட்டுப் பிடிக்க வெச்சுக்கிட்ட அந்தப் பறவை மனுஷன் மேல யாரோ ஆப்பிள் அடுக்கப் போறாங்க. அது உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லைன்னா அட்டைகளைச் சுவத்துலேர்ந்து இறக்கி உடனே பார்சல்ல போடுங்க. சுவர் வெறிச்சுனு இருந்தா காலண்டர் மாட்டிக்கலாம், நான் வெட்டினது போக மிச்சம் அனுப்பி வைக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பெரியவங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயசு பத்தாது. ஆனா இந்த ஒரு விஷயத்துல நீங்களும் அம்மாவும் என்னைவிடச் சின்னப் பிள்ளைங்க. அதனால ரெண்டு பேரும் சமர்த்தா, சண்டை போடாம, நீண்ட நாள் விளையாடணும்னு மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பணிவு தீர்ந்துபோன நிலையில்,
உங்கள் பாசமுள்ள மருமகள்

பின்குறிப்பு:
தம்பி, இது அக்கா எழுதறேன். உன் விலாசம் எழுதணும்னு இவ உறையை என் கையில கொடுத்தா, ஒட்டாமலே. மறந்துட்டாளோன்னு நினைச்சேன். படிச்சதுக்கு அப்புறம்தான் தெரியுது, மறக்கலை. பழைய பொருள் வாங்க இங்கே யாரும் வரலை. கிண்ணமும் கிடையாது, வண்டியும் கிடையாது, எல்லாம் இவ கட்டின கதை. இவ அப்பாவுக்குக் கோபமும் இல்லை. தினம் காலையில அந்தத் தட்டைப் போட்டுத்தான் குனிஞ்சு நிமிர்றார், முதல் பக்கம் மட்டும். மறுபக்கம் போட நான் இன்னும் விடலை. இவ பேச்சைக் கேட்டு அட்டையை எல்லாம் பார்சல்ல அனுப்பி வைக்காதே. முனை மடங்கிடும். நீயே எடுத்துட்டு வாடா.