கட்டம் கட்டமாய் ஒரு தோட்டம்

“என்ன தம்பி இது, தோட்டமா, இடுப்புல கட்டுற கட்டம் போட்ட சாரமா?”

பெரிய கிளாக்கர் சிவசாமி ஆபீஸ் டிவியைக் காட்டிக் கத்தினார். தோட்டத்துத் தேயிலைச் செடிகளைக் கொழும்பு முதலாளி இருந்த இடத்திலிருந்தே பார்க்கவென்று, படம்பிடித்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறார்கள். அங்கே தெரிவதுதான் இந்த டிவியிலும் தெரியும். தெரிந்ததோ பச்சையும் சிவப்புமாய்க் கட்டங்கள்.

அஸ்ஹர் மஸ்கெலியாவில் இருந்த போன் கடையை மூடிவிட்டுப் படம் அனுப்பும் இந்த வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

“மழைங்க ஐயா. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பாக்கக் கூடாதுன்னு படத்தத் துண்டு துண்டாப் பூட்டி அனுப்புறோம். ஒவ்வொரு துண்டும் முந்தின துண்டு இருந்தாத்தான் தெறக்கும். மழையில ஒண்ணு கெட்டா பின்னால வாறதும் கெட்டுப்போகுது.”

“அப்ப தனித்தனியாப் பூட்டுங்க!”

பூட்டினான். ஆனால் எல்லாத் துண்டுக்கும் ஒரே பூட்டு என்பதால், திறக்காமலே வெளியாருக்கும் உருவம் தெரிந்தது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற சிவசாமியின் தொப்பை அச்சு அசலாக வந்தது.

“அட கண்றாவியே! பழையபடியே போடுங்க!”

பழையபடியே போட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று ஒவ்வொரு துண்டையும் மூன்று தரம் அனுப்பினான். திங்கட்கிழமை பறித்த கொழுந்து புதன்கிழமைதான் படத்தில் வந்து சேர்ந்தது. அதுவும் கட்டமாகத்தான்.

“மூணு வாரமா கொழும்புலேருந்து ஒரு சத்தமும் இல்ல. மொதலாளி பெரியவரு கொதிச்சுப் போயிருப்பாரு” என்றார் சிவசாமி. “வெள்ளிக்கெழம மீட்டிங்குக்குள்ள சரியாகலன்னா ஒங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

யா அல்லாஹ் என்று தலையில் கைவைத்தவன், சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர், நம்பருக்கு ஏற்ற தனிப் பூட்டு. இனி ஒன்று கெட்டால் அது மட்டும்தான் கெடும்.

வெள்ளிக்கிழமை காலை படம் பளிச்சென்று வந்தது. இலைமேல் நின்ற மழைத்துளிகூடத் தெரிந்தது. சிவசாமி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. முதலாளியின் செக்ரட்டரி ஜெயந்தினி. டிக்கோயாவிலிருந்து கொழும்புக்குப் போன பிள்ளை, பயந்து போயிருந்தாள்.

“அஸ்ஹர் அண்ணே, என்னத்தச் செஞ்சு வச்சிங்க? பச்சக் கட்டம் நல்ல கொழுந்து, செவப்புக் கட்டம் நோயின்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக் காட்டுதுன்னு பெரியவரு தெனமும் எண்ணி எழுதிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கி மீட்டிங்குல ஒங்க தோட்டத்துக்குத்தான் மொதப் பரிசு குடுக்க இருந்தாரு. இப்ப என்னான்னா, ‘இதுல வெறும் தேயிலச் செடிதானே தெரியுது, எவன்டா மெஷின ஒடச்சது’ன்னு குதிக்கிறாரு!”