நீள அலகுதான், எழுதிக்கோங்க

பன்னிரண்டாவது காயை ஸ்குரூடிரைவரால் குடைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. கிளைட் காய்களை அள்ளிக்கொண்டு ஓடி, மாரி என்ற யூகலிப்டஸ் மரத்தடியில் சிதறவிட்டான்.

மாஞ்சிமப் பக்கம் கறுப்புக் காக்கட்டூக் கிளியில் இரண்டு சாதி. நிறமும் ஒன்று, வாலின் வெள்ளையும் ஒன்று. குட்டை அலகு, மாரிக் காயின் விளிம்பைக் கடித்துக் குதறும். நீள அலகு, காயைக் கெடுக்காமல் விதையை நோண்டும்; ஆப்பிளையும் விதைக்காகவே பிளக்கும். நீள அலகு வரும் தோட்டத்துக்குத்தான் மரங்களை மூட அரசாங்க வலை என்று பப்பில் எவனோ சொல்லியிருந்தான். அறுவடைக்கு ஒன்பது நாள். வலை இல்லாவிட்டால் ஆப்பிள் இல்லை. மரத்தடியில் கிடந்ததோ எல்லாம் குட்டை அலகு குதறிய காய்.

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணின் கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு.

"நான் பெட்ரா. எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும், தெரியும். காயைப் பாருங்க. நீள அலகுதான், எழுதிக்கோங்க."

அவள் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள். "இது எலி."

"எலியா? எங்க எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாதுங்க."

"எலிதான். பல்லு வழுக்கியிருக்கு, பாருங்க."

கிளைட் அசரவில்லை. டிராக்டர்மேல் ஸ்பீக்கரை வைத்து, ஃபோனிலிருந்த நீள அலகின் கூவலை முழுச் சத்தத்தில் விட்டான்.

"வேண்டாங்க, நிறுத்துங்க," என்றாள் பெட்ரா.

"ஏன், பயமா? அஞ்சு நிமிஷம் பொறுங்க."

மூன்றே நிமிஷத்தில் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்தன. மாரி மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆப்பிள் வரிசையில் இறங்கின. ஒவ்வொரு பழமாகப் பிளந்து, விதையைத் தின்று, மிச்சத்தைக் கீழே எறிந்தன. கிளைட் கூவலை நிறுத்தினான். அவை நிறுத்தவில்லை. கைதட்டினான், கத்தினான், டிராக்டர் ஹார்னை அமுக்கினான். அடுத்த வரிசைக்கு மாறிக்கொண்டன.

முக்கால் தோட்டம் போனபிறகும் அவன் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க. எலியா?"

"நீள அலகு. எண்பத்து மூணு," என்று பெட்ரா எழுதிக்கொண்டாள்.

"அப்படி வாங்க வழிக்கு! வலை எப்ப அனுப்புவீங்க?"

"எந்த வலை? நான் பறவை எண்ண வந்தவ."

சத்தம் கேட்டு வெளியே வந்த அவன் மனைவி நோலீன், தரையில் கிடந்த பழங்களை ஒருமுறை பார்த்தாள்.

"வலை திங்கக்கிழமையே வந்து பம்ப் ரூம்ல கெடக்கு, கிளைட், எந்த அலகுன்னு தெரியலைன்னு எழுதித்தான் வாங்கினேன்."