கையே தராசு

இப்போதெல்லாம் வெளியே மழை பெய்கிறதா என்று பார்க்கக்கூட ஜனங்கள் கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறவன் ஒருவனும் இல்லை. நினைத்தாலே தேனீ வளர்க்கும் ஆல்கோட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பக்கத்து வீட்டு ஹில்டிங்கைப் பாரு. தேன்பெட்டிக்கு அடியில தராசு வெச்சிருக்கான். சோபாவுல படுத்துக்கிட்டே கைபேசியில எடை பாக்குறானாம்."

"அவனோட அஞ்சு பெட்டியும் போன குளிர்ல தப்பிச்சுச்சு. உன்னோட மூணுல ரெண்டு செத்துப்போச்சு," என்றாள் மனைவி பார்ப்ரோ.

ஆல்கோட்டுக்கு மிச்சம் ஒரே ஒரு பெட்டி. கோடை முடிந்துவிட்டது, இனி ஏப்ரல் வரை பூ கிடையாது. உள்ளே தீனி போதாவிட்டால் அந்தத் தேனீக்களும் பட்டினியில் உதிர்ந்துவிடும்.

தீனி இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தராசு வேண்டாம். பெட்டியின் பின்பக்கம் போய், வலக்கையால் விளிம்பைப் பிடித்து இரண்டு விரற்கடை தூக்குவார். கனத்தால் சரி.

அந்த வலக்கையைத்தான் ஜூலையில் ஏணியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டார். செப்டம்பரில் கட்டுப் பிரித்த அன்று, மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் மாலின் ஒரு மணல் பையைக் கொடுத்து, "தினம் இதைத் தூக்குங்க தாத்தா," என்றாள்.

"நாப்பது வருஷம் மரம் அறுத்த கைம்மா இது," என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், பையைக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு நேரே தேன்பெட்டியிடம் போனார். தூக்கினால் அசையவே இல்லை, கல்லாய்க் கனத்தது. திருப்தி.

ஒரு வாரம் கழித்துத் தூக்கினார். கொஞ்சம் லேசு. தீனி தீர்கிறது போல! சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் ஊற்றினார். அதற்குப் பிறகு காலையில் ஒரு தரம், காப்பி குடித்ததும் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று தூக்கிப் பார்த்தார். சந்தேகம் வந்தால் இன்னும் நாலு தரம். சந்தேகம் அவருக்கு வராத நாளே இல்லை.

இன்னும் லேசு. இன்னும் பாகு. சிந்திய பாகுக்குக் குளவிகள் வந்தன. அதிலொன்று பார்ப்ரோவின் கழுத்தைப் பதம் பார்த்தது.

"கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வெச்ச சர்க்கரை எங்கய்யா?"

"தேனீ தின்னுடுச்சு."

"அப்படித் தின்னும் பெட்டி எடை குறையுதா? யாருக்குக் காது குத்துற?"

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. வேலிக்குப் போனார்.

"யோவ் ஹில்டிங், உன் தேனீ என் பெட்டியில திருடுது."

"என்னோடதுன்னு முதுகுல எழுதியிருந்துச்சா?"

வாய்ச்சண்டை முற்றி, ஹில்டிங் தன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியை நிறுத்தான்.

"அம்பத்தெட்டு கிலோ. நாப்பதே தாராளம்யா. குளிரைத் தாண்டிடும், கவலையை விடு. இனி ஒரு கரண்டி ஊத்தினே, தேனீங்க வெளியிலதான் படுக்கணும். உள்ள சர்க்கரை குடியிருக்கு."

"உன் தராசு கெட்டுப்போச்சு. எவ்வளவு லேசுன்னு நீயே பாரு," என்று ஆல்கோட் ஒற்றைக் கையால் பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். அது முழங்கால் உயரத்துக்கு எழும்ப, மூடி சரிந்து விழ, உள்ளேயிருந்தவை வெளியே வந்தன. ஹில்டிங்கின் மூக்கு அன்று மாலைக்குள் உருளைக்கிழங்கு ஆனது. அதன்பிறகு அவன் வேலிப்பக்கமே வரவில்லை.

மறுவாரம் மருத்துவமனையில் கடைசிப் பரிசோதனை. மாலின் ஒரு கருவியின் பிடியை அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். முள்ளைப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள்.

"தாத்தா, செப்டம்பர்ல இந்தக் கையால ஒரு வாளித் தண்ணியைக்கூடத் தூக்க முடியல. இப்ப இடது கையைவிட ரெண்டு மடங்கு பலம். என் மணல் பையாலயெல்லாம் இது வராது. தினம் தினம் எதையோ பெரிசாத் தூக்கியிருக்கீங்க, பாரம் லேசாகிட்டே வந்திருக்குமே?"

ஆல்கோட் முள்ளை முறைத்தார்.

"இதுவும் கெட்டுப்போச்சு," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வழியில், பார்ப்ரோவுக்குத் திருப்பிக் கொடுக்க ஐந்து கிலோ சர்க்கரை வாங்கினார். பையை வலக்கையில் பிடித்துப் பார்த்தார். கனமே இல்லை. கடைக்காரனும் எடையில் கைவைக்க ஆரம்பித்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.