காலையில் முந்தும் கடிகாரம்

அப்பாவின் கைக்கடிகாரம் அன்றைக்கும் பத்து நிமிஷம் முந்தியிருந்தது. அதை நம்பிக் கிளம்பிய கணக்காளர், பூட்டிய அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார்.

பின்னால் வந்த மேலாளருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. "பொறுப்புன்னா இதான்யா! நாளையிலிருந்து சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்பா போய்ச் சில மாதங்கள்தான். பொன் விளிம்பு, பாலாடை நிற முகப்பு, எந்தத் தேசத்திலோ ஒருவர் உட்கார்ந்து கையால் கோத்த பல்சக்கரங்கள். காதருகே வைத்தால் பூனைக்குட்டி பால் குடிப்பதுபோல் ஒரு சத்தம். அப்பா செய்தபடியே, படுக்குமுன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரிசெய்து, சாவி கொடுத்து, கூடத்து அலமாரியில் வைப்பார். விடிந்தால் முந்தியிருக்கும். ஒன்பது நிமிஷமும் இல்லை, பதினொன்றும் இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

"பக்கத்துல டிவி இருக்குங்க. காந்தம் இழுக்குதோ என்னமோ," என்றாள் மனைவி.

சர்க்கரை டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தார். காலையில் கடிகாரம் முந்தியிருந்தது, எறும்பும் வந்திருந்தது.

"ஓடுதில்ல? ஓடுற கடிகாரத்தை ஏண்டா நோண்டறே?" என்றார் அம்மா, எறும்பைத் தட்டிக்கொண்டே.

அன்றிரவு தந்திரமாகப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி வைத்தார். காலையில் பார்த்தால், அப்போதும் பத்து நிமிஷம் முந்தல்! அவருக்கு வியர்த்தது.

"இது யோசிக்குதுடி!"

"நீங்க யோசிக்கறதை நிறுத்துங்க முதல்ல."

மைத்துனனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. "உள்ள இருக்கறதைத் தூக்கிட்டு பேட்டரி மிஷின் போட்டுருங்க மாமா. வெளியே யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அந்தச் சத்தம் போய்விட்டால் அப்புறம் அது யாருடைய கடிகாரம்? ஆனால் சொல் பேச்சுக் கேட்காத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் திண்டாடுவது? கடைசியில் அப்பா வழக்கமாகப் போகும் கடிகாரக் கடைக்குக் கிளம்பினார். "நானும் வரேன்," என்று அம்மாவும் செருப்பை மாட்டினார்.

கடையில் கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்த பெண்மணி, கடிகாரத்தைப் பார்த்ததும் சிரித்தார். "ராத்திரி சரியா வெச்சா காலையில முந்தியிருக்கும். அதானே? சார் வரலையா?"

"அப்பா தவறிட்டாங்க."

அவர் லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மிஷினை மாத்திடுங்க," என்றார் கணக்காளர்.

மூடியைத் திறக்கும் கருவியை அந்தப் பெண்மணி எடுப்பதற்குள் அம்மாவின் கை கடிகாரத்தின்மேல் விழுந்தது.

"தொடாதேம்மா! அது நல்லாத்தான் இருக்கு. விடியக்காலையில நான்தான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் முன்னால தள்ளி வைப்பேன்." மகனைப் பார்க்காமலே தொடர்ந்தார். "உங்கப்பா அசையவே மாட்டார்டா. நேரமாச்சுன்னு பதறினாத்தான் எழுந்து வேலைக்குப் போவார். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. இப்பவும்... காலையில எழுந்தா கை தானா அங்கே போகுது."

"அவருக்கு மொத வருஷமே தெரியும்மா," என்றார் அந்தப் பெண்மணி. "'ராத்திரி நான் சரியா வெச்சாத்தானே காலையில அவ வந்து தள்ளி வெப்பா'ன்னு இங்கே நின்னு சிரிப்பார்."