உங்களுக்காக எடுத்துவைத்த முதல் வாய்

குழந்தையின் அப்பா அவர்களுக்கு,

இங்கே நான், குழந்தை, மாமா மூவரும் நலம். உங்கள் நலமும் உங்கள் கப்பலின் நலமும் அறிய ஆவல். நீங்கள் இல்லாமலும் வீடு ஒரு குறையுமின்றி ஓடுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இனிமேல் போதாது, பாலோடு கொத்துக்கறியும் மசித்துக் கொடுங்கள் என்றார். முதல் வாய் தன் கையால்தான் என்று இவள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கப்பல்தான் தாமதமாகிறது என்றேன். "கப்பல் லேட்டா வரலாம்மா. ரத்தம் லேட்டா ஊறலாமா?" என்றார். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கறிக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். இடுப்பில் இருந்தவளைக் காட்டினேன். அவள் பொக்கை வாயைப் பார்த்துவிட்டு, கொழுப்பில்லாத துண்டாக எடுத்து இரண்டு தடவை மெஷினில் விட்டுக் கொடுத்தார். அதை வேகவைத்து, மசித்து, ஊட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் உங்கள் அப்பா இருக்கிறாரே. ஆயுள் முழுக்கக் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர், வெந்த கறியைத் தட்டில் பரப்பி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் நார் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். மாமா, நன்றாக மசித்தாலே போதுமாம் என்றேன். "தொண்டையில மாட்டிக்கிட்டா நர்ஸா வந்து எடுப்பாங்க?" என்று ஒரே பிடி. அவர் பொறுக்கி முடிப்பதற்குள் கறி ஆறியது, குழந்தை அழுதாள், பால் குடித்தாள், தூங்கிப்போனாள். உப்பும் காரமும் இல்லாத அந்தக் கறியை நானும் மாமாவும் தின்று தீர்த்தோம். மறுநாளும் இதே கூத்து, நேற்றும் இதே கூத்து. பேத்தியின் பெயரைச் சொல்லி உங்கள் அப்பா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், நான் அவரை அவசரப்படுத்தவே இல்லை. அவர் ஒவ்வொரு நாராக எடுக்க எடுக்க, இன்றைக்கும் முதல் வாய் தப்பித்தது என்று எனக்குள் ஒரு நிம்மதி. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் மசிக்கிற கை அப்படியே நின்றுவிடுகிறது. மேல்வீட்டுக்காரர் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி அசைகிறது. உங்களை ரொம்பத் தேடுகிறது. குழந்தைக்கு இல்லை, அவளுக்கு என்ன தெரியும். எனக்குத்தான்.

ஆனாலும் நர்ஸம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. இப்போதுகூடக் கறிக் கிண்ணம் பக்கத்தில், குழந்தை மடியில். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குமேல் நானே ஊட்டிவிடுவேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

மாமா தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார். நீங்கள் கட்டியிருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறக்க வேண்டாமாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போடக் குனிந்த நேரத்தில் உங்கள் மகள் கிண்ணத்துக்குள் கையைவிட்டு, அள்ளி வாயில் போட்டு, விழுங்கியும் விட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது சப்புக்கொட்டிக்கொண்டு இரண்டாவது கை அள்ளிக்கொண்டிருந்தாள். மாமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆக, அந்த முதல் வாயைப் பக்கத்தில் இருந்த நாங்களும் பார்க்கவில்லை. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் கறை அவள் விரல்தான், துடைக்க மனம் வரவில்லை. அவளுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. எனக்கும் இனிமேல் முடியாது, சீக்கிரம் வந்துவிடுங்கள்.