சக்ரபாணிக்கே கிடைக்காத கட்டுரை

"மூணு மணிக்கு இன்டர்வியூ. அச்சான கட்டுரை கையில இல்லாம உள்ள வரக்கூடாதாம்!" சக்ரபாணி கம்ப்யூட்டர் முன்னால் நெளிந்தார்.

நிலத்தடி நீர் ஆராய்ச்சியில் இருபது வருஷம் உழைத்தவர். இந்தப் பதவி உயர்வு தவறினால் அடுத்தது ஓய்வுதான். கட்டுரை நேற்றுத்தான் ஒரு பெரிய வெளிநாட்டுப் பத்திரிகையின் இணையதளத்தில் வந்திருந்தது. திறக்கப் போனால், 'சந்தாதாரர்களுக்கு மட்டும்' என்று முகத்திலடித்தது.

"அப்பவே சொன்னேம்லா சார்," என்றாள் அவருடைய ஆராய்ச்சி உதவியாளர் ஆக்னஸ், நாகர்கோவில்காரி. "ஓப்பன் ஆக்சஸ்ல போட்டா யாரு வேணும்னாலும் சும்மா படிக்கலாம்னு."

"சும்மா கிடைக்கறதை எவன் மதிப்பான்? பெரிய பேரு இருந்தாத்தான் கமிட்டி அசையும்!"

"அப்ப காசு குடுத்து வாங்கிருங்க."

"டாலர் கேக்கறான்மா. என் பேங்க் கார்டை நாலு தடவை துப்பிட்டான்."

கையிலிருந்த டைப் பிரதியையே பிரின்ட் போட்டு எடுத்துப் போனார். நிர்வாக அலுவலகத்தில் சிரித்தார்கள். "பத்திரிகைப் பேரு எங்கே சார்? பக்க எண் எங்கே?"

நகரின் மறுகோடியில், கச்சிபௌலிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நண்பர் இர்பானுக்குப் போன் போட்டார். அங்கேயும் சந்தா இல்லை.

"கவலைய விடுப்பா, நான் பாத்துக்கறேன்," என்றார் இர்பான்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், மகானுபாவர்! பத்தே நிமிஷத்தில் நாட்டிலுள்ள நீரியல் விஞ்ஞானிகள் அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் பறந்தது: 'சக்ரபாணிக்கு அவர் எழுதிய கட்டுரையே கிடைக்கவில்லை. யாராவது கொடுத்து உதவுங்கள்.'

முதல் பதில் தேர்வுக் குழுத் தலைவரிடமிருந்து வந்தது: 'கிடைத்தால் எனக்கும் ஒன்று.'

சக்ரபாணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். தடதடவென்று மாடிப்படி இறங்கி நூலகத்துக்குள் பாய்ந்தார்.

"அன்னம்மா! அந்தப் பத்திரிகை முன்னாடி நம்ம லைப்ரரிக்கு வந்துட்டிருந்ததே! எந்த மடையன் அதை நிறுத்தினான்? பேரைச் சொல்லுங்க, இப்பவே டைரக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன்!"

அதே நகரின் மௌலா அலியிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் உருது கலந்துவிட்ட நூலகர் அன்னம்மாள் நிதானமாக ஒரு ஃபைலைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"நக்கோ சார், வேணாம், டைரக்டர்கிட்டல்லாம் போவாதீங்க. 'இதை ஒருத்தரும் படிக்கறதில்ல, நிறுத்திடலாம்'னு போன வருஷம் கையெழுத்துப் போட்டது நீங்கதான்."