வாத்தியாருக்கு வந்த பெயரடை

இன்றைக்கு எப்படியும் பேசியே தீர்வது என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் முடிவு கட்டிவிட்டார். சவரம் செய்யும்போதே கண்ணாடி முன் பேசிப் பார்த்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. தைரியம் கூடியது.

விஷயம் முன்னறை. தெருவைப் பார்த்த அந்த அறையில் அவர் வகுப்பு நடத்தினார். பக்கத்து அறையில் அவர் மனைவி பல் வைத்தியம் பார்த்தார். அடுத்தவரை வாய் திறக்க வைப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஆனால் டாக்டரம்மாவுக்குத்தான் கூட்டம். வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நடையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த முன்னறையை விட்டுக் குடுங்களேன்" என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "யோசிக்கலாம்" என்று வாத்தியாரும் நழுவிக்கொண்டே இருந்தார். இனி நழுவல் இல்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டியதுதான்.

அதற்கு முன் காலை வகுப்பு. பலகையில் 'ஸ்பீச்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"லெஸ்னா தள்ளுபடிதானே சார்? பேச்சுல எவ்வளவு லெஸ்?" என்று கேட்டார் ஜவுளிக்கடைக்காரர்.

"தள்ளுபடி இல்லய்யா, சரக்கே காலி! வாயடைச்சுப் போறது. இலக்கணத்துல இது பெயரடை."

"பேரையும் சேத்து அடைக்குமா?"

"அப்ப ஊமைன்னு வச்சுக்கலாமா சார்?" என்றார் லாரி டிரைவர்.

"கூடவே கூடாது. பேசத் தெரியும். பேசறதுக்கு ஆயிரம் இருக்கும். ஆனா அந்த நேரம் பாத்து ஒரு வார்த்தை வராது. அதிர்ச்சியில வரலாம், கோபத்துல வரலாம், சந்தோஷத்துலகூட வரலாம். 'ஐ வாஸ் ஸ்பீச்லெஸ்.' அவ்வளவுதான்."

"வீட்டுக்காரி முன்னாடி நிக்கும்போது சொல்லலாமா?"

"அதெல்லாம் உங்க வீட்டுல" என்று கெத்தாகச் சொல்லி, வாத்தியார் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்.

கடைவாயில் மின்னல் வெட்டியது. அடுத்த நிமிடம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்து அறையின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தார்.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றார் டாக்டரம்மா.

"அது கிடக்கட்டும். முன்னறையைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு…"

"பேசலாம், பேசலாம். முதல்ல ஆ காட்டுங்க."

காட்டினார். அதோடு போயிற்று. மரத்துப்போக ஊசி, கன்னத்துக்குள் பஞ்சு, எச்சிலை உறிஞ்ச ஒரு குழாய். பல்லை அடைக்க வந்தவருக்கு முதலில் வாய் அடைபட்டது.

"இப்பச் சொல்லுங்க. முன்னறையைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஆ… ஆ!"

"நிதானம். நானே கேக்கறேன். குடுக்கறதுன்னா 'ஆ'ன்னு சொல்லுங்க. இல்லன்னா 'சம்மதமில்லை'ன்னு தெளிவாச் சொல்லிடுங்க. நான் வற்புறுத்தவே மாட்டேன்."

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 'ம்' சொல்ல உதடு ஒட்ட வேண்டும். உதடு ஊரில் இருக்கிறதா என்பதே வாத்தியாருக்குத் தெரியவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி முக்கினார்.

"அ… அ… அ… இ… ஐ!"

"என்ன சொல்றார் நர்ஸம்மா?"

தட்டை ஏந்தி நின்ற நர்ஸம்மா காதை அருகே கொண்டுவந்து கேட்டார். "உயிரெழுத்து மட்டும் வருது டாக்டர். மெய் வரலை."

"மெய் வந்தா சம்மதம்னுதான் வரும். ஆ-ன்னே எடுத்துக்கலாம்."

வாத்தியார் தலையை ஆட்டி மறுத்தார். "தலையை ஆட்டாதீங்க, டிரில் ஓடுது!" கையைப் பலமாக வீசினார். "பாத்தீங்களா நர்ஸம்மா, முன்னறைக்கு டாட்டா காட்டறார்."

நடையில் காத்திருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். "வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று வீங்கிய கன்னத்தோடு ஒரு அம்மா உருகினார்.

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று துடைத்துவிட்டார்கள்.

"அவ்வளவுதாங்க. உங்க சொத்தை முழுக்க எடுத்துட்டேன்" என்றார் டாக்டரம்மா கடைசியில். பல்லைத்தான் சொல்கிறார் என்று நம்ப வாத்தியாருக்கு மனம் வரவில்லை.

எழுந்து வெளியே ஓடினார். முன்னறையில் பெஞ்சுகள் இல்லை. நடுவில் தட்டை வைத்துவிட்டு நழுவிய நர்ஸம்மாவின் மேற்பார்வையில் எல்லாம் பின்கட்டுக்குப் போயிருந்தன. வாஷிங் மெஷின்மேல் கரும்பலகை சாய்ந்திருந்தது. மெஷின் ஓட, பலகையும் சேர்ந்து ஆடியது.

"எங்களுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு நல்ல காத்தோட்டமான இடமாக் குடுத்துட்டீங்களாமே! சார், வீ ஆர் ஸ்பீச்லெஸ்!" என்று கை குலுக்கினார் லாரி டிரைவர்.

பெயரடை சரியான இடத்தில் விழுந்திருந்தது. திருத்த ஒன்றுமில்லை. திருத்த வாயும் இல்லை. வாத்தியார் கோணிய வாயால் புன்னகை செய்தார். எச்சில் ஒழுகியது.

மாலையில் மரப்பு விட்டது. நாக்கு திரும்பி வந்தது, கூடவே கோபமும். கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் முன் போய், இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்தா பாரு, உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

டாக்டரம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அவர் கன்னத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "வீக்கம் இல்லை. இன்னும் வலிக்குதாங்க?"

"இல்ல… இப்பத் தேவலை" என்று குழைந்துவிட்டார் வாத்தியார்.

"இது தற்காலிக அடைப்புதான். வியாழக்கிழமை இன்னொரு தடவை உக்காரணும். உங்க பைக்கை விக்கறதைப் பத்தி அப்பப் பேசி முடிச்சிடலாம்."